ஊசிக்கு முன் ஒரு கேள்வி: தடுப்பூசித் தயக்கமும் இஸ்லாமிய அறநெறியும்

2017 பிப்ரவரியில் நம் பள்ளிகளில் நடந்த தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் பலருக்கும் நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் ஓர் ஊசி என்பது திட்டம். ஆனால் முகாமுக்கு முன்பே வாட்ஸ்அப் வதந்திகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. தயங்கியவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள். நன்கு படித்த நகரத்துப் பெற்றோரும் இருந்தார்கள். ஆகவே தடுப்பூசி மறுப்பை ஒரு சமூகத்தின் பழக்கமாகப் பார்ப்பது உண்மைக்கும் பொருந்தாது, வகுப்பறைக்கும் உதவாது. எனினும் சில வீடுகளில் மறுப்புக்கான காரணம் மார்க்கத்தின் மொழியில் வருகிறது. அதற்கு அறிவியல் மொழியில் மட்டும் விடை சொன்னால் கேட்டவருக்கு விடை கிடைத்ததாகாது. நான் அறிவியல் ஆசிரியர். பள்ளிவாசல் தெருவில் வளர்ந்தவன். இரண்டு மொழியும் ஓரளவு தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெற்றோரிடம் நான் கேட்டவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள். "நோயைத் தர்றதும் நீக்குறதும் அல்லாஹ். பிறகு ஊசி எதுக்கு சார்?" என்பது முதலாவது. "அதுல பன்றியில இருந்து எடுத்தது கலந்திருக்காமே?" என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு விடை கி.பி. 7ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. கலீஃபா உமர் சிரியா நோக்கிப் பயணம் செய்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக வழியில் செய்தி வந்தது. கலந்து பேசியபின் அவர் திரும்பிவிட முடிவு செய்தார். "அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?" என்று படைத்தளபதி அபூ உபைதா கேட்டார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற பொருளில் உமர் பதில் சொன்னார். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவனின் விதிப்படிதானே என்று உவமையும் காட்டினார். அப்போது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் வந்து, இதுபற்றி நபிகள் நாயகம் (ஸல்) கூறியதைத் தாம் கேட்டதாகச் சொன்னார். நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அதைவிட்டு வெளியேறாதீர்கள் என்பது அந்தச் செய்தி. புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் இது உள்ளது.

இதன் இரண்டாம் பகுதியைக் கவனிக்க வேண்டும். உள்ளே போகாதே என்பது என்னைக் காக்கிறது. வெளியேறாதே என்பதோ, நான் முகம் பார்த்திராத அடுத்த ஊர்க்காரரைக் காக்கிறது. அவருக்காக நான் ஒரு சிரமத்தை ஏற்க வேண்டும். ரூபெல்லா ஊசியை ஆண் பிள்ளைகளுக்கும் ஏன் போடுகிறோம் என்று யோசித்தால் இது விளங்கும். ரூபெல்லா சிறுவர்களுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போகும் நோய். அதே கிருமி கருவுற்ற தாயைத் தொற்றினால் குழந்தை பார்வைக் குறைபாட்டோடோ செவித்திறன் இல்லாமலோ இதயக் கோளாறோடோ பிறக்கலாம். அந்தப் பையன் கையில் ஏறும் ஊசி எங்கோ ஒரு தாயின் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

பெற்றோருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சொல் ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமூகக் கடமை. ஜனாஸா தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் ஊர் முழுவதின் கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. தடுப்பூசியை இதனோடு ஒப்பிடலாம், ஆனால் இங்கே 'சிலர்' போதாது. தட்டம்மை கண்ட ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடும். அதனால் 100க்கு 95 பேருக்காவது எதிர்ப்பாற்றல் வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பில் 38 பேர். மீதி இரண்டு இடம், புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற காரணங்களால் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே முடியாத பிள்ளைகளுக்குத் தேவைப்படும். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுதானே என்பவரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் போடுவேன்.

இரண்டாவது கேள்விக்கு, "அப்படி எதுவுமே கிடையாது" என்று அடித்துச் சொல்வது தவறு. சில தடுப்பூசிகளில் மருந்து கெடாமலிருக்க ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. அது பன்றியிலிருந்து பெறப்பட்டதாகவும் இருக்கலாம். மார்க்க அறிஞர்கள் இதை மறைக்கவில்லை, விவாதித்திருக்கிறார்கள். ஒரு வழி 'இஸ்திஹாலா', அதாவது உருமாற்றம். மது தானாகப் புளித்துக் காடியானால் அதன் சட்டமும் மாறிவிடுவதைப் போல, வேறு பொருளாகவே மாறிவிட்டதற்குப் பழைய தடை பொருந்தாது என்பது வாதம். 1995இல் குவைத்தில் நடந்த இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு ஜெலட்டினுக்கு இதை ஏற்றது. ஆனால் ஷாஃபி மத்ஹப் இந்த உருமாற்ற விதியில் ஹனஃபி மத்ஹபைவிட இறுக்கமானது. நம் கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபினர் கணிசமாக இருப்பதால், அங்கே இந்த வாதம் மட்டும் எடுபடாமல் போகலாம்.

மற்றொரு வழி 'ளரூரத்', நிர்ப்பந்தம். உயிரைக் காக்க வேறு வழி இல்லாதபோது தடை தளர்கிறது. இதை எல்லா மத்ஹபும் ஏற்கும். 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை தட்டம்மை–ரூபெல்லா ஊசி பற்றி அளித்த ஃபத்வா நல்ல எடுத்துக்காட்டு. புணேயில் உள்ள சீரம் நிறுவனத்தின் ஊசி பற்றியது அது. தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்படுவதால் அது ஹராம். ஆயினும் ஹலாலான மாற்று இல்லை, போடாவிட்டால் வரும் ஆபத்தை நம்பகமான வல்லுநர்கள் உறுதிசெய்திருக்கிறார்கள், ஆகவே இப்போதைக்குப் பயன்படுத்தலாம் என்றது. இவ்வளவு நுட்பமான தீர்ப்பு கைப்பேசிச் செய்தியில் அடங்குமா? 'ஹராம்' என்ற சொல்லோடு பலர் நின்றுவிட்டார்கள். ஜாவாவுக்கு வெளியே நடந்த முகாம் இலக்கை எட்டவில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் அடியில் சில நேரம் மூன்றாவது ஒன்று இருக்கும்: "உங்களை எப்படி நம்புவது?" நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003இல் போலியோ சொட்டு மருந்து மலட்டுத்தன்மை தரும் என்ற அச்சத்தால் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவிலிருந்து மருந்து வரவழைத்த பிறகே அது மீண்டும் தொடங்கியது. பாகிஸ்தானின் அபோதாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை, பின்லேடனைத் தேடுவதற்குத் தடுப்பூசி முகாம் என்ற போர்வையைப் பயன்படுத்தியது 2011இல் வெளிவந்தது. ஐயம் அறியாமையால் மட்டும் வருவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் போலியோ ஒழிப்புக்கு மார்க்க அறிஞர்களும் அலிகார் முஸ்லிம், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகங்களும் துணை நின்றபோது கதவுகள் திறந்தன. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் யாரும் பாதிக்கப்படவில்லை.

இப்போது 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் டிடி ஊசி நம் பள்ளிக்கு வருகிறது. ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் தடுப்பது அது. நாள் குறித்தவுடன் இமாமையும் ஜமாஅத் தலைவரையும் பார்ப்பது என் வழக்கம். முகாமன்று காலையில் போய் நின்றால் அது வற்புறுத்தலாகத் தோன்றும். ஹஜ்ஜுக்குப் போய்வந்த பாட்டியோ நன்னாவோ வீட்டில் இருந்தால் அவர்களையே பேசவிடலாம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் சவூதி அரேபியா ஹஜ் பயணிகளை அனுமதிப்பதில்லை. தட்டம்மையையும் பெரியம்மையையும் தெளிவாகப் பிரித்து எழுதியவர் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவர் அல்-ராஸி என்பதை வகுப்பில் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் காது கொடுப்பார்கள்.

மறுப்பவரின் பெயரைக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிப்பது கூடாது. தீங்கு செய்யாதே, தீங்குக்குத் தீங்கும் செய்யாதே என்ற இஸ்லாமியச் சட்ட விதி பெற்றோருக்கு மட்டுமன்றி ஊசி போட ஏற்பாடு செய்யும் நமக்கும் பொருந்தும். பிள்ளை சாப்பிட்டு வந்ததா, ஒவ்வாமை உண்டா, முன்பு ஊசிக்கு மயங்கியதுண்டா என்று கேட்க வேண்டும். போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். கையில் வலியும் லேசான காய்ச்சலும் வரலாம் என்பதை முதல் நாளே சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.