இரு மாநிலத்துக்கு ஒரே ஏரி

திருப்பதியிலிருந்து சூளூர்ப்பேட்டை வழியாக ஸ்ரீஹரிகோட்டா செல்வோர், சாலையின் இருபுறமும் பரந்து கிடக்கும் தண்ணீரைக் காணலாம். அதுவே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது.

இதன் தென்கரையிலுள்ள பழவேற்காட்டில் 1613-ல் டச்சுக்காரர் கோட்டை கட்டித் துணி வாணிபம் செய்தனர். 1953-ல் ஆந்திரம் பிரியும் வரை ஏரி முழுவதும் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. பிரிவினைக்குப் பின் பெரும்பகுதி ஆந்திரத்துக்கும், தென்பகுதி தமிழ்நாட்டுக்கும் ஆயிற்று. நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூளூர்ப்பேட்டை, தடா பகுதிகள் 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தன.

பிச்சாட்டூர் அணையைத் தாண்டி வரும் ஆரணி ஆறு ஏரிக்கு நல்ல தண்ணீர் தருகிறது. கடல்நீரோ முக்கியமாகப் பழவேற்காட்டு முகத்துவாரம் வழியே வருகிறது. இரண்டும் கலந்தால்தான் இறாலும் மீனும் பெருகும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் மீன் குறைகிறது. எந்த இடம் யாருக்கு என்று இரு மாநில மீனவர்களும் மோதிக்கொள்வதும் உண்டு.

எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை. ஆற்று நீர் ஆந்திரத்திலிருந்து வரவேண்டும். கடல்வாய் தமிழ்நாட்டில் திறந்திருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் இரு கரையிலும் உலை கொதிக்காது.