கோட்டா சீட்டுக்கு எந்தப் பள்ளி?

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த வாரத்தில் காக்ஸ் டவுனின் சில வீடுகளில் மதிப்பெண் பட்டியலோடு இன்னொரு ஃபைலும் மேசைக்கு வரும். தாலுகாவில் ஜெயித்தது, மாவட்டத்தில் ஆடியது, மாநில அணியின் கேம்புக்குப் போனது என ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்டிபிகேட், பிளாஸ்டிக் உறைக்குள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் பி.யு. காலேஜ்களில் ஏறி இறங்குவார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட் கிடைக்குமா, ஃபீஸில் ஏதாவது குறையுமா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விவரம்: கர்நாடகத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக் கணக்கில் வருவதில்லை, பெரும்பாலும் பி.யு. காலேஜில்தான் படிப்பு. அதனால் காலேஜ்கள் ஆட்டக்காரர்களை வளைத்துப் போடுவது இங்கே பதினாறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பதினாறில் அறுவடை என்றால், விதைப்பது பத்து வயதில். அப்போதுதான் அந்தக் கேள்வி வீட்டில் எழுகிறது: பையன் நன்றாக ஆடுகிறான், இவனைத் தனியார் பள்ளியில் போடுவதா, அரசுப் பள்ளியே போதுமா? காக்ஸ் டவுன்வாசிகளுக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் ரோட்டில் ஃபிராங்க் ஆண்டனி, ரிச்சர்ட்ஸ் டவுனில் கிளாரன்ஸ், செயின்ட் ஜான்ஸ் ரோட்டுப் பக்கம் எம்.இ.ஜி. கேந்திரிய வித்யாலயா, சுற்றுவட்டாரத்தில் மாநகராட்சி, அரசுப் பள்ளிகள்.

விடை தேட, ஆட்டக்காரர்களை எடுப்பதில் இந்த நகரத்தில் பேர் போன ஜெயின் கல்லூரியின் பழைய மாணவர்களைப் பார்க்கலாம். பில்லியர்ட்ஸ் சாம்பியன் பங்கஜ் அத்வானியும், 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 303 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்ற கருண் நாயரும் ஃபிராங்க் ஆண்டனியில் படித்தவர்கள். அதாவது காக்ஸ் டவுனுக்குப் பக்கத்துத் தனியார் பள்ளி. ஐ.பி.எல்.லில் சதம் அடித்த முதல் இந்தியர் மணீஷ் பாண்டே, ராணுவக்காரரின் மகன், ஏ.எஸ்.சி. சென்டர் கேந்திரிய வித்யாலயாவில் படித்தவர். சுத்தமான அரசுப் பள்ளி. கே.எல். ராகுல் வந்தது சூரத்கல் என்.ஐ.டி. வளாகத்துப் பள்ளியிலிருந்து, மங்களூர் வழியாக. நான்கு பேரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. கிரிக்கெட்டர்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது பள்ளியின் பெயர்ப்பலகை இல்லை. கர்நாடக கிரிக்கெட் சங்கத்தின் வயதுவாரி அணிகளில் அவர்கள் எடுத்த ரன்தான். காலேஜ் பார்த்ததும் அதைத்தான்.

அப்படியானால் பள்ளி முக்கியமே இல்லையா? கிரிக்கெட், நீச்சல், டென்னிஸ் போல கிளப்பும் சங்கமும் பிடித்துக்கொண்ட விளையாட்டுகளில் அவ்வளவாக இல்லை. கபடி, கோகோ, தடகளம், வாலிபால் என்று வந்தால் கதை மாறுகிறது. அங்கே ஃபைலில் கனமான காகிதம் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பான எஸ்.ஜி.எஃப்.ஐ. தேசியப் போட்டியின் சர்டிபிகேட். அதை அடையும் வழி பள்ளிக்குப் பள்ளி வேறு. பெற்றோர் பலர் கவனிக்காத விஷயம் இது.

மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளை தாலுகா, மாவட்டம், டிவிஷன், மாநிலம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் கர்நாடக அணியில் இடம் பிடித்தால்தான் தேசியப் போட்டி. பீதரிலிருந்து சாமராஜநகர் வரை அத்தனை பள்ளிகளும் அவனுக்குப் போட்டி. கேந்திரிய வித்யாலயா பிள்ளைக்கோ போட்டி கேந்திரிய வித்யாலயா சங்கதன் (கே.வி.எஸ்.) நடத்தும் பள்ளிகளுக்குள்தான். அதில் தேறினால் கே.வி.எஸ். என்ற பெயரிலேயே ஒரு தனி அணி தேசியப் போட்டிக்குப் போகிறது. சி.பி.எஸ்.இ.க்கும், ஐ.சி.எஸ்.இ. நடத்தும் கவுன்சிலுக்கும் அதேபோலத் தனித்தனி அணிகள். திறமை ஒன்றே என்றாலும், வழியில் மோத வேண்டியவர்களின் கூட்டம் ஒன்றல்ல. கபடியில் மாநில அணிக்குள் நுழைவதற்கு இருக்கும் அடிதடி, ஐ.சி.எஸ்.இ. அணிக்குள் நுழைவதற்கு இருக்குமா என்று எந்த பி.டி. மாஸ்டரைக் கேட்டாலும் சிரிப்பார். ஆனால் காலேஜின் சேர்க்கை மேசையில் இரண்டு காகிதமும் ‘தேசிய அளவு’தான்.

கேந்திரிய வித்யாலயா அரசின் பள்ளி, மாநகராட்சிப் பள்ளியும் அரசின் பள்ளி. கோட்டாவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், அரசுக்கும் தனியாருக்கும் இடையே உள்ள தூரத்தைவிட அதிகம்.

பணம் செய்யும் வேலையையும் மறைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் பெங்களூரில் நடந்த பி.டி.ஆர். கோப்பை 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் மல்லையா அதிதி சர்வதேசப் பள்ளி 50 ஓவரில் 500 ரன் குவித்தது. 150ஐத் தொட்ட இருவருமே முன்னாள் இந்திய வீரர்களின் மகன்கள். எதிரணிப் பள்ளி 88 ரன்னில் சுருண்டது. 412 ரன் வித்தியாசத்துக்குப் பையன்களின் திறமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. சொந்த வலைப்பயிற்சி, கோச், சத்துணவு, நல்ல மட்டை, கொண்டுபோய் விட ஒரு கார் எல்லாம் அந்த ஸ்கோர்போர்டில் இருக்கின்றன. 2022இல் பெங்களூரிலேயே நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் ஜெயின் பல்கலைக்கழகம் 20 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது. அதில் நீச்சல் வீரர்களின் பங்கு பெரிது. நீச்சல் குளம் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியை எங்கே தேடுவது?

கால்பந்து மட்டும் இந்தக் கணக்குக்கு நெடுநாள் அடங்காமல் இருந்தது. அல்சூர் பக்கம் கௌதம்புராவுக்குப் போனால் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் ஒரு சிலை இருக்கிறது. தமிழ் பேசும் அந்த உழைப்பாளர் குடியிருப்புக்கு ‘மினி பிரேசில்’ என்றே பெயர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக கோல் அடித்த சாரங்கபாணி ராமன், 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம், இந்தியாவுக்கு ஆடிய உலகநாதன் எல்லாரும் பெங்களூர் மைதானங்களில் ஆடி வளர்ந்தவர்கள். இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் காலேஜ் சீட் பெரிதாகத் தேவைப்படவில்லை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடினால் வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன். எந்தப் பள்ளி என்று யாரும் கேட்கவில்லை. அந்த வேலைகள் சுருங்கிய பிறகுதான் டிகிரியின் அருமை தெரிந்தது. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என வென்று 54 ஆண்டுக்குப் பிறகு கர்நாடகம் சந்தோஷ் டிராபியைத் தூக்கியபோது இந்தப் பக்கத்துத் தெருக்களில் கொண்டாடியவர்களில் பலருக்கு அந்தப் பழைய காலம் நினைவுக்கு வந்திருக்கும்.

எந்தப் பள்ளி என்ற இதே தலைவலி அமெரிக்காவில் லக்ராஸ் என்ற விளையாட்டைச் சுற்றி நடக்கிறது. வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் அந்த ஆட்டம் பூர்வகுடிகள் தந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கும் வருகிறது. பால்டிமோர் பக்கத்துத் தனியார் பள்ளிகளுக்கு அதில் பெரும் பெயர். ஆனால் 2014இல் அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த கல்லூரி விருதைப் பகிர்ந்துகொண்ட லைல், மைல்ஸ் தாம்ப்சன் சகோதரர்கள் ஓனன்டாகா பூர்வகுடியினர், லஃபாயெட் என்ற அரசுப் பள்ளியில் படித்தவர்கள். கோச்சுகள் ஆட்களைப் பொறுக்குவது பெரும்பாலும் கோடை காலக் கிளப் போட்டிகளில். அவர்களிடம் ஒரு விதி பாராட்டத்தக்கது: 2017 முதல், மாணவன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் ஆண்டின் செப்டம்பர் 1க்கு முன் கல்லூரிக் கோச் அவனிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புப் பையனிடம் கிரவுண்டிலேயே பேசி முடித்துவிடலாம்.

ஆக, பள்ளி தேடும் பெற்றோர் கட்டண விவரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. பி.டி. மாஸ்டர் முழுநேரமா, அல்லது கணக்கு வகுப்புக்கும் அவரையே அனுப்புகிறார்களா? இந்தப் பள்ளி எந்த வாரியத்தின் போட்டிகளுக்கு அணி அனுப்புகிறது, கடந்த ஆண்டு நிஜமாகவே அனுப்பியதா? போட்டிக்குப் போன நாட்கள் வருகைப் பதிவில் எப்படி எழுதப்படும்? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் பல ஆட்டக்காரர்கள் சறுக்குவது அங்கேதான். பி.யு.சி.யில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. சி.பி.எஸ்.இ.யோ தேசிய, சர்வதேசப் போட்டியில் ஆடும் மாணவர்கள் பொதுத்தேர்வை வேறு தேதியில் எழுதவே வழி வைத்திருக்கிறது. அதற்கும் பள்ளி முன்கூட்டியே விண்ணப்பித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து பி.டி. மாஸ்டரின் அதிகாரத்தில் இல்லை. பிரின்சிபாலிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் அட்மிஷன் ஃபீஸ் கட்டும் முன்பே.