மோட்டார் வண்டியைக் கீறலின்றிக் கழுவுதல்

நம் நெல்லை நாட்டில் ஓடும் மோட்டார் வண்டிகளின் பொலிவைக் கெடுப்பன வெயிலும் மழையுமே என்று பலரும் எண்ணியிருக்கின்றனர். அவை ஓரளவு கெடுப்பன என்பது மெய்யே. ஆயினும், வாங்கிய நாளில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் விளங்கிய கரிய காரொன்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சிலந்தி வலை போர்த்தாற்போல் மங்கி நிற்குமாயின், அதற்குக் காரணம் பெரும்பாலும் வெயிலுமன்று, மழையுமன்று. அதனைத் துலக்க வந்த கையும் அக்கையிலிருந்த துணியுமேயாம். உடையவரைக் கேட்டால், "நாள் தவறாமல் துடைத்து வந்தோமே" என்று வருந்துவர். நாள் தவறாமல் துடைத்தமையே தீங்காயிற்று என்பதை விளக்கவே இச்சிறு கட்டுரையை எழுதப் புகுந்தோம். கார் உடைய மாணவர் நம்முட் சிலரே. ஆனால் விடுமுறைக்கு வீடு சென்றவுடன் தந்தையாரின் காரையோ மாமாவின் காரையோ கழுவும் பணி தம் தலையில் விழாத மாணவரும் சிலரேயாவர்.

முதலில், நாம் கழுவுவது எதனை என்று அறிதல் வேண்டும். காரின் தகட்டின்மேல் இருப்பது ஒரே பூச்சன்று. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, மேடுபள்ளத்தைச் சமனாக்கும் பூச்சு, நிறந்தரும் பூச்சு, யாவற்றிற்கும் மேலே நிறமில்லாத தெளிபூச்சு என நான்கு படலங்கள் உள்ளன. இந்நான்கும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்களவுதான் கனமுடையன. மேலேயுள்ள தெளிபூச்சோ நம் தலைமயிர் ஒன்றின் பருமனுக்கும் குறைந்தது. காரின் மினுமினுப்பு என்று நாம் புகழ்வது இம்மெல்லிய படலத்தின் வழவழப்பேயன்றி வேறன்று. மோட்டார் வண்டி தோன்றிய நாளில், குதிரை வண்டிகளுக்குப் பூசிய வார்னிஷையே அதற்கும் பூசி, அது உலர்வதற்கு வாரக்கணக்கிற் காத்திருந்தனர். 1923-இல் அமெரிக்காவில் டியூபாண்ட் கம்பெனியார் டியூக்கோ என்னும் விரைந்துலரும் பூச்சை வெளியிட்ட பின்னரே அத்தொல்லை நீங்கத் தொடங்கிற்று. தெளிபூச்சு பொதுவழக்காய்ப் பரவியது 1980-களிலேதான். இவ்வரலாற்றை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் பாட்டனார் காலத்து அம்பாசடர் காரைத் தேய்த்து மெருகிட்டால் மேலும் கீழும் ஒரே நிறமாயிருந்தது. சிறிது தேய்ந்தாலும் பொலிவு மீண்டது. இக்காலத்துத் தெளிபூச்சோ தேய்க்குந்தோறும் குறையும். முழுவதும் தேய்ந்துவிடின் மீண்டும் பூசுவதன்றி வேறு வழியில்லை. ஆதலால் அக்காருக்குச் செய்த பணிவிடையை இக்காருக்கும் அப்படியே செய்தல் பொருந்தாது.

இனிப் பகையை அறிவோம். தண்ணீர் கீறாது, சோப்பு நுரை கீறாது, தூய மெல்லிய துணியும் எளிதிற் கீறாது. கீறுவது மணலே. 1812-இல் மோஸ் என்னும் ஜெர்மானியர் கனிப்பொருள்களின் கடினத்தைப் பத்துப் படிகளாக வகுத்தார். அவ்வரிசையில், சாதாரண மணலாகிய குவார்ட்ஸ் ஏழாம் படியில் நிற்கின்றது. சன்னற் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. காரின் தெளிபூச்சு பிசினினத்ததாதலின் கண்ணாடியினும் மிக மென்மையானது. எனவே துணிக்கும் பூச்சுக்கும் இடையே ஒரு மணற்பரல் அகப்பட்டுக்கொண்டால், துணி எவ்வளவு மெத்தென்றிருப்பினும் கோடு விழுதல் தப்பாது.

நம் நாடோ மணலுக்குக் குறைவில்லாத நாடு. திசையன்விளை, சாத்தான்குளம், குதிரைமொழி ஆகிய தேரிகளிற் பரந்து கிடக்கும் செம்மணல், இரும்புத் துரு தோய்ந்த குவார்ட்ஸ் பரல்களே. கால்டுவெல் ஐயர் 1841-இல் இடையன்குடிக்கு வந்தபோது அவரை வரவேற்றன பனையும் இம்மணலுமேயன்றோ? கடற்கரையை அணுகினாலோ நிலைமை இன்னும் கடுமை. உவரி முதலிய கரைகளின் மணலிற் கார்னெட் என்னும் செம்மணிப் பரல் கலந்துள்ளது. இக்கார்னெட்டைத்தான் உப்புத்தாளிற் பதித்து மரத்தை இழைக்கின்றனர். மிகுவேகத் தண்ணீரோடு கலந்து பாய்ச்சி இரும்புத் தகட்டையே அறுக்கின்றனர். உவரி அந்தோணியார் கோயிலுக்குச் சென்று திரும்பிய காரின்மேல் உப்புத்தாளின் சரக்கே படிந்து வருகின்றது என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது. தொலைவிற் செல்லாத காருக்கும் தப்புதல் இல்லை. ஆனி ஆடி மாதங்களிற் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று, தரிசு நிலத்துப் புழுதியை வாரிக்கொணர்ந்து வாயிலில் நிற்கும் வண்டியின்மேல் தூவிவிடும்.

அப்புழுதியைக் காலைதோறும் பழைய வேட்டிக் கிழிசலால் உலரத் துடைப்பதே நம் ஊர்களில் வழக்கம். கீறல்களிற் பெரும்பாலன இவ்வொரு செயலால் விளைவன என்போம். துணியின் நுனியிற் சிறிது டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைத்தல் வாடகைக் காரோட்டிகள் சிலரிடையே வழங்கும் கைம்முறை. உடனே பளபளப்பு வருவது மெய். ஆனால் அந்த எண்ணெய்ப்பசை அடுத்த தெருவுக்குட் போவதற்குள் புதுப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அதனைப் போக்க இன்னும் அழுத்தித் துடைக்க நேரும். அவர்களைக் குறைகூறுதல் எளிது. வண்டி மங்கியிருந்தாற் சவாரி குறையுமென்று அஞ்சுவோர் வேறென் செய்வர்?

வெயிலிற் காணும் அவ்வலை வட்டவட்டமாகத் தோன்றுதலின், வட்டமாகத் துடைத்தமையாலேயே அது வந்ததென்று பலர் கூறுவர். இது முழுவதும் சரியன்று. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றுள், பூச்சில் தெரியும் சூரியனின் பிம்பத்துக்குக் குறுக்காகக் கிடப்பன மட்டுமே ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்பும், ஏனையவை மறைந்திருக்கும். பிம்பத்தின் நாற்புறமும் இவ்வாறே நிகழ்தலின், அக்கோடுகள் பிம்பத்தைச் சூழ்ந்த வளையங்கள்போலத் தோன்றுகின்றன. நாம் ஓரடி நகர்ந்தால் வலையும் உடன் நகர்வதைக் காணலாம். காருக்கும் போகவேண்டுவதில்லை, நாள்பட்ட எவர்சில்வர்த் தட்டொன்றை விளக்கின்கீழ்ப் பிடித்துப் பார்த்தாலே போதும். ஆயினும் நேர்கோடாகக் கையைச் செலுத்துதலே நன்று. தப்பித்தவறி ஒரு கீறல் விழுந்தாலும் அது சில கோணங்களினின்று நோக்குவார்க்கே தென்படும்.

குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று நான்காம் செய்யுளில், பூந்தாது உண்ணும் வண்டினம் வெருவுமென்று தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவன் ஒருவனைக் காண்கின்றோம். குறுங்குடி என்ற பெயரைப் படிக்கும்போதெல்லாம், மோட்டார்த் தொழிலில் தென்னாடெங்கும் பெயர்பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1877-இற் பிறந்த நம் திருக்குறுங்குடியும் உடன் நினைவுக்கு வருகின்றது. தேரைச் செலுத்துவதில் அத்தலைவன் காட்டிய மென்மையிற் கால் பங்கு, அதனைக் கழுவுவார்க்கும் வேண்டும்.

கழுவும் முறை முழுவதும் ஒரே நெறியினின்று பிறப்பது: மணல் போகுமுன் துணி படலாகாது. வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு கைக்குக் குளிர்ச்சியாகும்வரை பொறுக்க வேண்டும். பின்னர் உச்சியினின்று தொடங்கித் தண்ணீரை மட்டும் தாராளமாக வார்த்து, ஊறவிட்டு, மீண்டும் வார்க்க வேண்டும். இப்பொழுதே மணலிற் பெரும்பகுதி தானே இறங்கிவிடும். காக்கையின் எச்சம் உலர்ந்து ஒட்டியிருப்பின் அதனைச் சுரண்டலாகாது. ஈரத்துணியொன்றை அதன்மேற் பத்து நிமிடம் இட்டுவைத்தால் இளகும்; எச்சத்திலுள்ள அமிலம் பூச்சை அரிக்குமாதலால் இதனை நாட்கணக்கில் ஒத்திவைத்தலும் தவறு.

அதன்பின் வாளிகள் இரண்டு வேண்டும். ஒன்றிற் காருக்குரிய ஷாம்பு கரைத்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணியை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பக்கத்தைத் துடைத்தபின், அதனை உடனே ஷாம்பு வாளியில் இடாது, வெறுநீர் வாளியில் நன்றாக அலசிப் பிழிந்து, அதன்பின்னரே மீண்டும் தோய்க்க வேண்டும். இரண்டாம் வாளியை வீண்செலவென்று நகைப்பார் உளர். வேலை முடிந்தபின் அதன் அடியிற் படிந்திருக்கும் மண்ணை அவர்க்குக் காட்டுக. அந்த மண் முழுவதும் காரின்மேல் உலாவியிருக்க வேண்டியது. ஷாம்பின் தொழில் அழுக்கைக் கரைப்பது மட்டுமன்று. எஞ்சிய பரல்கள் பூச்சிற் பதியாது வழுக்கிச் செல்லுமாறு இடையே ஒரு வழுவழுப்பை உண்டாக்குவதும் அதுவே. துணி வெளுக்கும் பவுடர் இதற்கு ஆகாது. அதன் காரம் மெழுகுப் பூச்சைப் போக்குவதோடு, கரையாத துகள்களும் அதிலுண்டு. பாத்திரம் துலக்கும் சோப்பும் மெழுகைக் கரைப்பதே. பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டை நுரையில் அலசிய நம் பாட்டிமார் இதனை எளிதில் உணர்ந்திருப்பர். அவர்கள் பட்டைக் கல்லில் அடித்ததில்லை.

துணியில் மைக்ரோபைபர் எனப்படுவதே சிறந்தது. பட்டிழையினும் நுண்ணிய செயற்கை இழைகளால் ஆனமையின், அழுக்கைப் பூச்சின்மேல் இழுத்துச் செல்லாது தன் இழைகளுக்கிடையே வாங்கிக்கொள்ளும். அழுத்துதல் வேண்டா, நனைந்த துணியின் எடையே போதிய அழுத்தம். கூரை, கண்ணாடி, முன்மூடி, கதவின் மேற்பாதி, அதன் கீழ்ப்பாதி என்று மேலிருந்து கீழே வரவேண்டும். ஏனெனில் மணல் மிகுதியும் கீழேதான் உள்ளது. சக்கரங்களுக்குத் தனித்துணி. கைதவறித் தரையில் விழுந்த துணியை உதறி எடுத்துத் தொடர்தல் கூடாது. அதனை ஒதுக்கி வேறொன்று எடுத்தலே முறை. கிண்ணத்தின் புறத்தை மட்டும் துலக்குவாரைப் பற்றி நம் ஆண்டவர் கூறியது சிலர்க்கு இங்கே நினைவு வரலாம். காரின் அகத்தைத் துலக்குதல் வேறொரு கட்டுரைக்குரியது.

கழுவிய நீர் தானே உலரட்டும் என்று வெயிலில் விட்டுவிடுதல் மற்றொரு கேடு. நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் சுண்ணச்சத்து மிக்க கடினநீர். துளி உலர்ந்ததும் அவ்விடத்தே வெள்ளை வளையம் நிற்கும். அதனைப் போக்கத் தேய்க்கப் புகுந்தாற் பழைய கதைதான். ஆகவே முழுவதும் அலசியபின், உலர்ந்த மைக்ரோபைபர்த் துணியை விரித்து ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

இந்நெறியைப் பெரிய அளவிற் சோதித்தது 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களிற் பெய்த பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்த அம்மழையால் தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் தெருக்களும் வண்டிகளும் மூழ்கின. நீர் வடிந்தபின் வண்டிகளின்மேல் எஞ்சியது வண்டல். வண்டல் தொடுவதற்கு மாவுபோல் மெத்தென்றிருக்கும். அதனுள் நுண்மணல் கலந்திருப்பது தெரியாது. உலர்ந்து ஓடாகிவிட்டால் தட்டி உதிர்க்கவும் துடைக்கவும் கை பரபரக்கும். அந்நிலையிற் செய்யத்தக்கது ஒன்றே: நனைத்த கோணியையோ போர்வையையோ தொடாதவாறு அருகே வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் பலமுறை மெல்ல வார்த்து ஊறவைத்து, வண்டல் குழம்பாகி வழிந்தோடும்வரை துணியெடாது பொறுத்தல். மூழ்கிய வண்டியின் எஞ்சினை முடுக்கிப் பார்த்தலும் கூடாது என்பதை, கழுவுதலுக்குப் புறம்பாயினும், இங்கே சொல்லிவைக்கின்றோம்.

எஞ்சியது ஆற்றைப் பற்றிய பேச்சு. ஆற்றோரத்தில் வண்டியை இறக்கிக் கழுவும் வழக்கம் நம் பள்ளத்தாக்கில் உண்டு. தண்ணீருக்குக் கட்டணமில்லை, மலைநீராதலின் கறையும் படியாது என்பர். கறை குறைவென்பது உண்மையே. ஆனால் இதுகாறும் கூறியவற்றை நினைவிற் கொண்டு அக்காட்சியைப் பார்க்க. ஆழமற்ற துறையில் அமிழ்த்தி மொண்ட வாளியில் மணல். கரையில் வைத்தெடுத்த துணியில் மணல். சக்கரம் நிற்பதும் மணலில். காரைக் கீறுவதற்கென்றே ஓரிடம் தேடினாலும் இதனினும் ஏற்றது கிடைத்தல் அரிது. அங்கே காரினின்று இறங்கும் எண்ணெயும் கிரீசும் சோப்பும் செல்லுமிடமோ வேறு. பொதிகையிற் பிறந்து, எட்டு அணைக்கட்டுகளால் வயல்களுக்குப் பிரிந்து, திருவைகுண்டத்தில் இறுதி அணையைக் கடந்து, புன்னைக்காயலருகே கடலிற் கலக்கும் வரையில் இவ்வாறு நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களுக்குக் குடிநீர். குறுக்குத்துறையில் ஒருவர் கழுவிய காரின் எண்ணெய், கீழேயுள்ள துறையில் நீராடுவார் மேனிக்கும் குடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் போகின்றது. குடிக்கும் தண்ணீரைக் கெடுத்து, அதனோடு வண்டியையும் கெடுத்துக்கொள்ளும் செயல் வேறொன்று உண்டோ என்று யாம் எண்ணிப் பார்த்தோம், கிடைத்திலது.

மேற்சொன்ன முறைக்கு எத்துணைத் தண்ணீர் வேண்டும்? முதல் வார்ப்புக்கும் இறுதி அலசலுக்குமாக மூன்று வாளி, தோய்ப்பதற்கும் அலசுவதற்கும் இரண்டு வாளி. வாளிக்குப் பதினைந்து லிட்டராக 75 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பாயும் குழாயைத் திறந்துவிட்டுக் கால்மணி நேரம் கழுவினால் 150 லிட்டர். ஐந்து வாளியை வீட்டு முற்றத்திலேயே நிரப்பலாம். அழுக்கு நீரைத் தெருச்சாக்கடையில் விடாது மண் தரையில் ஊற்றிவிடலாம். சாக்கடையும் பல ஊர்களில் முடிவில் ஆற்றையே சேர்கின்றது. துறைவரை வண்டியை ஓட்டிச் சென்று திரும்பும் பெட்ரோற் செலவும், திரும்பும் வழியில் மீண்டும் படியும் புழுதியும் மிச்சம்.