இருளில் கைக்கெட்டும் விளக்கு

தரைமேல் நடப்பவனுக்கு விளக்கு அவிதல் ஒரு சிறு தொல்லை. நீர் நிறைந்த குகைக்குள் நீந்துபவனுக்கோ அஃது உயிருக்கு நேரும் இடராகும்.

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறைகள் பரந்து கிடக்கின்றன. மழைநீர் பன்னெடுங்காலமாக அவற்றைக் கரைத்து நெடிய குகைகளை ஆக்கியுள்ளது. அக்குகைகளில் ஓடும் நீர் பளிங்குபோல் தெளிந்தது. ஆயினும், வாயிலைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கதிரவன் ஒளி அறவே இல்லை. தலைக்குமேல் பாறைக்கூரை கவிந்திருத்தலால், நினைத்தவுடன் மேலெழுந்து வரவும் இயலாது. சென்ற வழியே மீள வேண்டும்.

1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர், நீருக்குள் தடையின்றி மூச்சுவிட உதவும் கருவியை அமைத்தனர். அத்தகைய கருவிகள் பரவிய பின்னர், புளோரிடாக் குகைகளுக்குள் புகுந்தோர் பலர், மீளாதோரும் பலர். ஷெக் எக்ஸ்லி என்னும் குகை மூழ்கு வல்லுநர் அவ்விறப்புகளின் காரணங்களை ஆராய்ந்து 1979-இல் ஒரு நூல் வெளியிட்டார். வாயிலிலிருந்து அறுபடாத வழிக்கயிறு இடுதல், உள்ளே செல்வதற்குக் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவிடாதிருத்தல், ஒவ்வொருவரும் மூன்று விளக்குகளேனும் கொண்டு செல்லுதல் ஆகியவை குகை மூழ்குவோர் இன்றும் போற்றும் விதிகளாம்.

மூன்று விளக்குகள் உடனிருந்தால் மட்டும் போதுமோ? போதாது. பையின் அடியில் கிடக்கும் விளக்கு, இருளில் இல்லாத விளக்கே. ஆதலின், துணைவிளக்கை எங்கே, எவ்வாறு பொருத்துவது என்பது ஆராய்தற்குரியது.

மூழ்குவோர் காற்றுக்கலத்தை முதுகில் தாங்குதற்கு ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள வாரை அணிவர். அது தோள்களின் வழியாக இறங்கி இடுப்பைச் சுற்றி வரும். ஒவ்வொரு தோள்வாரிலும், மார்பின் அருகே, ஓர் உலோக வளையம் உண்டு. அவ்வளையம் ஒன்றுக்கு ஒன்றாக இரு துணைவிளக்குகளைத் தொங்கவிடுவர். விளக்கின் முகம் கீழ்நோக்கியிருக்கும். அதன் உடலைத் தோள்வாரோடு ஒரு ரப்பர் வளையம் இறுகப் பிடித்திருக்கும். மிதிவண்டியின் உட்குழாயிலிருந்து வெட்டிய துண்டும் இதற்குப் போதும்.

விளக்கை மாட்டும் கொக்கி, கட்டைவிரலால் தாழை இழுத்தால் மட்டுமே வாய் திறப்பதாக இருத்தல் வேண்டும். தள்ளினால் உள்நோக்கித் திறக்கும் கொக்கியாயின், வழிக்கயிறு தானே நுழைந்து மாட்டிக்கொள்ளும், மூழ்குவோன் சிறைப்படுவான். மேலும், கொக்கியை விளக்கோடு உலோகத்தால் பிணைத்தலாகாது. உறுதியான சிறு கயிற்றால் கட்டுதல் வேண்டும். ஏனெனில், கொக்கி துருவேறித் திறவாது போனால், கயிற்றைக் கத்தியால் அறுத்து விளக்கை விடுவிக்கலாம். உலோகத்தை அறுத்தல் இயலாது.

தலைமை விளக்கு அவிந்தால், மூழ்குவோன் துணைவிளக்கை இருந்த இடத்திலேயே ஏற்றுகிறான். பின்னரே அதனைக் கழற்றுகிறான். கை தவறி வீழ்ந்தாலும், எரியும் விளக்கைக் கண்ணால் கண்டு எடுக்கலாமன்றோ? பின்னர்த் தோழர்க்குச் சைகை காட்டி, பயணத்தை அவ்வளவில் நிறுத்தித் திரும்பிவிடுகிறான். துணைவிளக்கு மீள்வதற்கே உரியது. மேலே செல்வதற்கு அன்று.

ஏனைய கருவிகளுக்கும் இவ்வாறே தனித்தனி இடமுண்டு. காற்றின் அளவு காட்டும் கருவி இடப்புற இடுப்பு வளையத்திலும், சிறு கத்தி இடுப்பு வாரிலும், மாற்று மூச்சுக்கருவி கழுத்தைச் சுற்றிய மீள்கயிற்றிலும் அமையும். எதுவும் தொங்கி ஆடுதல் கூடாது. தொங்குவது வழிக்கயிற்றில் சிக்கும். அடிமண்ணைக் கிளறித் தெளிந்த நீரையும் கலக்கிவிடும். தேவையற்றதை நீக்கித் தேவையானதை ஒழுங்குபெறப் பூணும் இம்முறை, பில் ஹோகார்த் மெயின் என்னும் குகை மூழ்குநரின் பெயரால் வழங்கப்படுகிறது.

இடம் மாறாதிருந்தால் கை தானே பழகும். ஆதலின், மூழ்குவோர் கண்களை மூடிக்கொண்டு விளக்கை எடுத்து ஏற்றவும், மீண்டும் மாட்டவும் பலகால் பயில்கின்றனர். இடர் வந்தபின் தேடுபவனுக்குக் காலம் இல்லை. வருமுன் ஒழுங்கு செய்தவனுக்கோ தேடும் வேலையே இல்லை.