நானோ துளைகளில் டி.என்.ஏ. அமைப்புகள்: ‘கதவு’ என்னும் உருவகம் பொருந்துமா?

உயிரணுச் சவ்வில் அமைந்த புரதத் துளைகள் சோடியம், பொட்டாசியம் முதலிய அயனிகளை வேண்டும்பொழுது விடுத்து, வேண்டாதபொழுது தடுக்கின்றன. இச்செயலைச் செயற்கைத் துளைகளில் நிகழ்த்த டி.என்.ஏ. பயன்படும் முறையை விளக்குவதும், அதனைக் ‘கதவு’ எனத் தமிழில் குறிப்பது எவ்வளவு பொருந்தும் என நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலிக்கான் நைட்ரைடு படலத்தில் மின்னணுக் கற்றையால் சில நானோமீட்டர் அகலமுள்ள துளையிடலாம். இருபுறமும் உப்புக்கரைசலை நிரப்பி மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் துளைவழியே பாயும்; அந்த மின்னோட்டத்தை அளக்க முடியும். ஆனால் அத்துளைக்கு மூலக்கூறுகளை இனம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. அக்குறையை டி.என்.ஏ. நிறைவு செய்கிறது. அதன் இரட்டைச் சுருளின் விட்டம் ஏறத்தாழ 2 நானோமீட்டர். துளையின் அளவும் அதனையொத்ததே. மேலும் எவ்விழை எதனோடு இணையும் என்பதை முன்னரே வகுத்துவிடலாம். 2006இல் பால் ரோத்மண்ட், எம்13 என்னும் வைரசின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட காரங்களைக் கொண்ட ஒற்றையிழையை, இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றிழைகளால் பிணைத்து விரும்பிய வடிவில் மடித்துக் காட்டினார். இதுவே டி.என்.ஏ. ஓரிகாமி.

2012இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் புனல் போன்ற ஓரிகாமி ஒன்றை மின்னழுத்தத்தால் இழுத்துத் திடத்துளையில் பொருத்தினர். மின்னழுத்தத்தைத் திருப்பியபோது அது வெளியேறியது. டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் உடையதாதலின் இது இயன்றது. அதே ஆண்டில் மியூனிக் ஆய்வாளர்கள் நடுவில் சிறுதுளையுள்ள தட்டையான ஓரிகாமியைத் திடத்துளையின் வாயில் அமர்த்தினர். அந்தச் சிறுதுளையின் அளவை வகுத்தல், கடந்து செல்லும் மூலக்கூறுகளை அளவால் பிரிப்பதற்கு உதவியது.

இவ்விடத்தில்தான் உருவகம் இடறுகிறது. கதவு என்றதும் அடைத்தால் ஒன்றும் புகாத பலகை நம் மனத்தில் எழும். ஓரிகாமித் தட்டோ அயனிகளைக் கசியவிடும். சுருள்களுக்கிடையே இடைவெளிகள் உள்ளன. கசிவின் அளவு கரைசலிலுள்ள மக்னீசியத்தின் செறிவைப் பெரிதும் பொறுத்தது. ஆட்டுக்கிடைக்கு வைக்கும் படல் ஆட்டைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. பெருமூலக்கூறுக்கும் அயனிக்கும் இத்தட்டு காட்டும் வேறுபாடு அத்தகையது. ஆகவே ‘படல்’ என்பதே நெருங்கிய சொல் என்பது என் கருத்து.

‘பூட்டு’, ‘திறவுகோல்’ என்னும் சொற்களுக்குத் தக்க சான்று வேறிடத்தில் உண்டு. ஸ்டீபன் ஹோவொர்க்கா குழுவினர் 2016இல் வெளியிட்ட டி.என்.ஏ. துளை கொழுப்புச் சவ்வில் பதிந்து நிற்பது. ஓர் இழை அதன் வாயை மூடுகிறது. அவ்விழையோடு இணையும் மற்றோர் இழை வந்து அதனைப் பிரித்தெடுத்தால் வாய் திறக்கிறது.

2008இல் சீன ஆய்வாளர்கள் கையாண்ட முறை இவ்விரண்டிலும் சேராது. பிளாஸ்டிக் படலத்துக் கூம்புத்துளையின் உட்சுவரில் சைட்டோசின் மிகுந்த இழைகளை அவர்கள் பிணைத்தனர். அமிலக் கரைசலில் அவ்விழைகள் இறுக மடிந்தன. காரக் கரைசலில் தளர்ந்து நெகிழ்ந்தன. துளையின் பயனுறு அகலமும் மின்னோட்டமும் அதற்கேற்ப மாறின. ஓட்டம் முற்றிலும் நின்றுவிடவில்லை. இந்நிகழ்வைத் ‘திறப்பு’, ‘அடைப்பு’ எனப் பெயர்ப்பதினும் ‘விரிவு’, ‘குறுக்கம்’ எனப் பெயர்ப்பதே அளவீட்டோடு இயையும்.