உறங்கும் பிள்ளைகளை எழுப்பும் மார்கழி

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் விடுமுறை விடும் நாளும், மார்கழியின் முதல் வாரம் கழியும் நாளும் பெரும்பாலும் ஒட்டியே வருகின்றன. டிசம்பர் 24ஆம் தேதி வாக்கில் பேரக்குழந்தைகள் பெட்டியும் பையுமாகத் தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். ஆங்கிலப் புத்தாண்டு பிறந்ததும் புறப்பட்டுவிடுகிறார்கள். இடையில் இருப்பவை எட்டு அல்லது ஒன்பது விடியற்காலைகள்.

குழந்தைக்கு விவரம் தெரியத் தொடங்கும் ஐந்து வயது முதல், தனிப்பயிற்சி வகுப்புகள் அதைத் தம்வசம் ஆக்கிக்கொள்ளும் பன்னிரண்டு வயது வரை கணக்கிட்டுப் பார்த்தால் எட்டு மார்கழிகள் தேறும். ஆக, ஒரு பேரனோ பேத்தியோ நம் வீட்டில் காணப்போகும் மார்கழி விடியல்கள் ஏறத்தாழ அறுபது, மிஞ்சினால் எழுபது. மாதங்களில் தான் மார்கழி என்று கண்ணபிரான் கீதையில் அருளினான். தேவர்களின் இரவாகிய தட்சிணாயனம் முடியும் தறுவாயில், அவர்களுக்கு வைகறையாக அமைவது இந்த மாதம் என்று பெரியோர் கூறுவர். அத்தகைய மாதத்தை அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பதற்கு நமக்கு வாய்ப்பது அந்த அறுபது விடியல்கள்தாம்.

அவற்றுள் முதல் விடியலையே பல வீடுகளில் பாழாக்கிவிடுகிறோம். காலை நாலரை மணிக்கு அறையின் விளக்கைப் பளீரென்று போடுவது, மின்விசிறியை நிறுத்துவது, போர்வையை உருவுவது, “உன் வயதில் நாங்கள் குளத்தில் முழுகிவிட்டுக் கோயிலில் நிற்போம்” என்று தொடங்குவது! குழந்தை அழுதுகொண்டே எழுகிறது. அல்லது எழாமல் புரண்டு படுக்கிறது. மூன்றாம் நாள் மார்கழி என்ற சொல்லே அதற்குத் தண்டனையின் பெயராகிவிடுகிறது. இதில் குழந்தையைக் குறைகூற என்ன இருக்கிறது?

உறங்குகிறவரை எப்படி எழுப்புவது என்பதை ஆண்டாள் நாச்சியாரிடமே கற்றுக்கொள்ளலாம். திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை உள்ள பத்தும் உறங்கும் தோழியரை எழுப்பும் பாசுரங்களே. நூலில் மூன்றில் ஒரு பங்கு! பரமனைப் பாட வந்தவள், தூங்கும் சிறுமியருக்காக இத்தனை பாசுரங்களைச் செலவிட்டிருக்கிறாள் என்பது சிந்திக்கத்தக்கது. நாளுக்கு ஒன்றாக ஓதிவருகையில், ஏறக்குறைய ஒன்பதாம் பாசுரத்தன்று பள்ளி விடுமுறை தொடங்குகிறது. ஆகவே பேரப்பிள்ளைகள் நம் வீட்டில் இருக்கும் நாள்களில் பெரும்பாலானவை, ஆண்டாள் ஆயர்பாடியில் வீடு வீடாகச் சென்று குரல் கொடுக்கும் நாள்களாகவே அமைகின்றன.

அவள் எழுப்பும் விதத்தைக் கவனியுங்கள். ஒருத்தியிடம் பறவைகள் கூவுவதையும் கோயிற் சங்கு ஒலிப்பதையும் சொல்கிறாள். மற்றொருத்தியிடம் தயிர் கடையும் ஓசை காதில் விழவில்லையா என்கிறாள். வேறொருத்தியைப் பொற்கொடி என்றும் மயில் என்றும் புகழ்ந்து தாஜா செய்கிறாள். இன்னொருத்தியை, உறக்கப் போட்டியில் கும்பகருணனே உன்னிடம் தோற்றுவிட்டானோ என்று கேலி செய்கிறாள். “நானே முதலில் வந்து உங்களை எழுப்புவேன்” என்று முந்தைய நாள் வீரம் பேசிய தோழி இன்னமும் தூங்குகிறாளே என்பது ஒரு பாசுரத்தின் சுவை. இதைச் சொன்னால் சிரிக்காத குழந்தை இல்லை. பதினைந்தாம் பாசுரமோ உள்ளிருப்பவளும் வெளியே நிற்பவர்களும் மாறிமாறிப் பேசும் சிறு நாடகம். பத்து வீடுகளில் ஒன்றில்கூட, எழாதவளை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அவள் நடையைக் கட்டவில்லை. மணிவாசகப் பெருமானின் திருவெம்பாவையும் அப்படியே தொடங்குகிறது: கதவுக்கு வெளியே தோழியர், உள்ளே துயில்பவள், நடுவே பரிகாசம்.

எனவே முதல் நாள் குழந்தையின் காதருகே அமர்ந்து, “கும்பகருணன் உன்னைப் பார்க்க வாசலில் வந்து நிற்கிறான்” என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நாலரை மணிக்கு எழுப்ப வேண்டும் என்பதும் இல்லை. டிசம்பர் இறுதியில் சென்னையில் சூரியன் உதிப்பதே ஏறக்குறைய ஆறரை மணிக்குத்தான். ஐந்தரை மணிக்குக் கண்விழிக்கும் குழந்தைக்கும் இருளும் பனியும் மிச்சம் இருக்கும். குளிர்ந்த நீரில்தான் குளிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம், வெந்நீர் போதும். சளியும் இழுப்பும் உள்ள குழந்தையைப் பனியில் நிறுத்துவது பக்தியில் சேராது. அதைச் சன்னலருகே கம்பளி சுற்றி அமர்த்தினாலும் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு கேட்கும்.

சற்றுக் கசப்பான இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பேரனை எழுப்பும் சாக்கில், எட்டு மணி வரை தூங்கும் அவன் தாயைக் குத்திக்காட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஆண்டு முழுவதும் அலுவலகத்துக்கும் அடுக்களைக்கும் ஓடியவள் அவள், உறங்கட்டும். திருப்பாவையின் இரண்டாம் பாசுரம் நோன்பு நோற்பவர் விலக்க வேண்டியவற்றை அடுக்கும்போது நெய்யையும் பாலையும் மட்டும் விலக்கவில்லை. பிறரைப் பற்றிக் கோள் சொல்வதையும் விலக்குகிறது. மருத்துவர் சொல்லி நெய்யையும் பாலையும் குறைத்துக்கொண்ட நம் போன்றோர் புதிதாக ஏற்பதற்கு அந்த விரதம் ஒன்று பாக்கி இருக்கிறது.

எழுந்த குழந்தைக்கு என்ன கற்பிப்பது? முப்பது பாசுரங்களையும் ஒப்பிக்கவைத்து உறவினருக்குக் கைப்பேசியில் படம் அனுப்ப வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. என் எண்ணம் வேறு. ஒரே ஒரு பாசுரம் போதும். திருப்பாவைப் பாசுரம் ஒவ்வொன்றும் எட்டடி. திருவெம்பாவைப் பாட்டும் எட்டடியே. நாளுக்கு ஓரடி வீதம் கற்றால், ஊருக்குத் திரும்புவதற்குள் முழுப் பாட்டும் குழந்தையின் சொத்தாகிவிடும். தமிழ் எழுத்து அறியாமல் வெளிமாநிலத்தில் வளரும் குழந்தையும் செவிவழியாக ஓரடியைக் கற்றுவிடும். அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் முப்பது பாசுரங்களுக்கும் இசையமைத்திருக்கிறார், அவற்றை எம்.எல்.வசந்தகுமாரி அம்மையாரின் குரலில் வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. மெட்டு நம் நாவிலேயே இருக்கிறது.

எந்தப் பாசுரம் என்று கேட்டால், மழையைப் பாடும் நான்காவதைச் சொல்வேன். மேகம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, முழங்கி மேலேறி, திருமாலின் திருமேனிபோல் கறுக்கிறது. மின்னல் அவன் கைச் சக்கரம். இடி அவன் சங்கு. மழைத்தாரைகள் சார்ங்க வில்லிலிருந்து பாயும் அம்புகள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது புதிய செய்தி அன்று. கடல்நீர் ஆவியாகி மேகமாகி மழையாவதைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிவிட்டு வந்திருக்கும். “நீ பள்ளியில் படித்ததையே இந்தப் பெண் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாடியிருக்கிறாள், கேள்” என்று தொடங்கினால் அதன் கண்கள் விரிவதைக் காணலாம்.

சைவக் குடும்பத்துப் பெரியோருக்கு இதற்கு இணையானது திருவெம்பாவையின் பதினாறாம் பாட்டு. அங்கும் மேகம் கடலைப் பருகித்தான் எழுகிறது. ஆனால் அது அம்மையின் திருமேனிபோல் கறுக்கிறது; அவள் இடைபோல் மின்னுகிறது; அவள் காற்சிலம்புபோல் ஒலிக்கிறது; அவள் புருவம்போல் வில்லை வளைக்கிறது; அவள் அருள்போல் பொழிகிறது. ஒரே மேகத்தில் ஒருத்தி பெருமாளைக் கண்டாள். ஒருவர் உமையம்மையைக் கண்டார். இரண்டையும் சொல்லிவிட்டு, “நீ பார்த்தால் அந்த மேகத்தில் என்ன தெரியும்?” என்று கேளுங்கள். குழந்தை யானை என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையார் என்று திருத்த முற்பட வேண்டாம்.

மொட்டைமாடி வசதி உள்ளவர்கள் பதின்மூன்றாம் பாசுரத்தன்று குழந்தையை மேலே அழைத்துச் செல்லலாம். வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த விடியலைக் குறிப்பிடும் பாசுரம் அது. வெள்ளி எல்லா ஆண்டும் மார்கழியில் விடிவெள்ளியாகத் தோன்றுவதில்லை. சில ஆண்டுகளில் மாலை வானத்தில் இருக்கும். அன்று எது தென்படுகிறதோ அதைக் காட்டினால் போதும்.

வாசற்கோலம் பற்றி இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று: குழந்தை இழுத்த கோணல் இழையை அதன் கண்ணெதிரே அழித்துத் திருத்தாதீர்கள். அரிசிமாவுதானே, எறும்புக்குக் கோணல் தெரியாது. சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகும் வேலையை முழுவதும் அதனிடமே விட்டுவிடலாம். தென்மாவட்டங்களில் அந்தப் பூ உருண்டைகளைத் தட்டிக் காயவைத்து, தை மாதத்தில் சிறுமியர் சிறுவீடு கட்டிப் பொங்கலிட்டபின் ஆற்றில் விடுவார்கள். ஆண்டாள் தன் நாச்சியார் திருமொழியில், தாங்கள் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் மன்றாடும் பதிகம் ஒன்று உண்டு. விளையாட்டும் வழிபாடும் நம் மரபில் அவ்வளவு நெருக்கமானவை.

வைகுண்ட ஏகாதசி விடுமுறைக்குள் வந்துவிட்டால் பெரும் பேறு. பரமபத சோபானப் படத்தை அன்றிரவு விரித்துவிடுங்கள். ஏணி நற்செயலுக்கு, பாம்பு தீச்செயலுக்கு என்பதை உபதேசமாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பரமபதத்துக்கு அருகில் போய்ப் பெரிய பாம்பின் வாயில் விழுந்து கீழே வரும் தாத்தாவைப் பார்த்தாலே குழந்தைக்கு விளங்கிவிடும். தாத்தா வேண்டுமென்றே தோற்பது கூடாது, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். விரதம் பெரியவர்களுக்கு, குழந்தைக்கு வேளாவேளைக்கு உணவு கொடுத்துவிட வேண்டும்.

ஆருத்ரா தரிசனத்தன்று களியைக் கதையோடு பரிமாறுவது நலம். தில்லையில் விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், நாள்தோறும் ஓர் அடியாருக்கு அமுது படைத்த பின்பே உண்பவர். அடைமழையில் விறகு நனைந்து விற்காமல் போன நாளில், வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டிக் காத்திருந்தார். அடியார் வேடத்தில் வந்த கூத்தன் அதை உண்டு, மீதியையும் கேட்டு வாங்கிச் சென்றான். மறுநாள் கருவறை திறந்தபோது அங்கே களி சிந்திக்கிடந்தது என்பது வரலாறு. களியைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளைகளும் இந்த இடம் வந்ததும் ஒரு வாய் உண்டுபார்க்கிறார்கள். எழுகறிக்கூட்டு வேறு கதை, அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

இந்த நாள்களில் அடுத்த வீட்டில் நட்சத்திர விளக்கு தொங்கும். பள்ளியிலும் கிறிஸ்துமஸ் மரம் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். “நம் வீட்டில் ஏன் அது இல்லை?” என்று குழந்தை கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். அவர்கள் தம் இறைவனின் பிறப்பைக் கொண்டாடுகிறார்கள் என்று சொல்லி, அடுத்த வீட்டார் கொடுக்கும் கேக்கை நன்றியுடன் வாங்கிக்கொண்டு, நம் வீட்டுப் பொங்கலைக் கிண்ணத்தில் குழந்தையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். பிறகு வாசல் மாடத்தில் ஓர் அகலை ஏற்றும் பொறுப்பை, பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, அதனிடம் ஒப்படையுங்கள். மாலை ஆறு மணியானால் அதுவே எண்ணெயும் திரியும் தேடும்.

ஒரு குறை மட்டும் எஞ்சுகிறது. கூடாரவல்லி மார்கழி 27ஆம் நாள் வருகிறது. அதற்குள் பள்ளி திறந்து பிள்ளைகள் போயிருப்பார்கள். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் திருமாலிருஞ்சோலை அழகருக்குப் படைப்பதாக ஆண்டாள் பாடினாள். பல காலம் கழித்து வந்த இராமாநுசர் அவள் சார்பில் அதைச் செலுத்தியதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் நாச்சியார் அவரை அண்ணா என்று அழைத்ததும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகலாமா? அவர்கள் புறப்படுவதற்கு முந்தைய நாளே ஒருமுறை அக்காரவடிசில் செய்து, பெருமாளுக்குக் காட்டிவிட்டுப் பரிமாறுங்கள்.

ஒரு பங்கு பச்சரிசி, கால் பங்கு பாசிப்பருப்பு. இரண்டையும் வாசம் வர வறுத்து, ஐந்து பங்கு பாலில் சிறுதீயில் குழைய வேகவிட வேண்டும். இரண்டு பங்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பாகாக்கி, அரிசி நன்றாக மசிந்த பின்பே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் பால் திரியும். அரைப் பங்கு நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, ஏலக்காயும் முந்திரியும் இட்டு இறக்கலாம். அன்று ஒரு நாள் கரண்டியைத் தராமல் கையாலேயே உண்ணச் சொல்லுங்கள். நெய் முழங்கை வரை வழிந்தால், பாசுரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, துடைக்கத் துணியைத் தேடாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருங்கள்.