இல்லாத ஊர்கள் – 8: பறக்கத் தெரிந்தவர்களுக்கு நாற்காலி

ஹார்வர்ட் சட்டக் கல்லூரி வளாகத்தில் ஆஸ்டின் ஹால் என்றொரு பழைய கற்கட்டடம் இருக்கிறது. மாணவர்கள் வாதாடிப் பழகும் ஏம்ஸ் நீதிமன்றக் கூடம் அதற்குள்தான். 2006-இல் அதே கூடம் இன்னோர் இடத்திலும் எழும்பியது: செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில், பெர்க்மன் தீவு என்று பெயர் சூட்டிய கணினித் தீவில். பேராசிரியர் சார்லஸ் நெஸனும் அவர் மகள் ரெபேக்கா நெஸனும் சேர்ந்து நடத்திய ‘சைபர்ஒன்’ பாடத்துக்காக எழுப்பியது. வளாகத்துக்கு நேரில் வர முடியாத மாணவர்கள் தங்கள் அவதாரை, அதாவது திரையில் தங்களுக்குப் பதிலாக நடமாடும் உருவத்தை, அனுப்பி அங்கே வகுப்புக் கேட்டார்கள்.

நெஸனுக்காவது நீதிமன்றம் வைக்க ஒரு முகாந்திரம் இருந்தது. பொதுமக்கள் மன்றத்தில் ஒரு வாதத்தை எடுத்துவைப்பது எப்படி என்பதுதான் அவருடைய பாடமே. அவருக்குப் பின்னால் அங்கே வந்து குவிந்த கல்லூரிகள் பலவற்றின் கதை வேறு. நுழைவாயில், மணிக்கூண்டு, புல்வெளி, பெரிய அரங்கம். அரங்கத்தில் வரிசை வரிசையாக நாற்காலி, முன்னால் திரை, திரையில் பவர்பாயின்ட். அவதாருக்குக் கால் வலிக்காது, பறக்கவும் தெரியும். இருந்தும் நாற்காலி போட்டார்கள். திறப்பு விழாவன்று கூட்டம் வந்தது. பிறகு எட்டிப்பார்த்தால் முகூர்த்தம் முடிந்த கல்யாண மண்டபம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பது புரியாத விஷயமல்ல. இந்த உலகின் நில வியாபாரத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் தந்தது நிலமும் கருவிகளும்தான். மரம், வீடு, செருப்பு, தலைமுடி வரை மற்றதெல்லாம் குடியிருப்பவர்கள் செய்தவை. பெட்டி, உருண்டை, உருளை என்று சில அடிப்படை வடிவங்கள் உண்டு, ‘ப்ரிம்’ என்பார்கள். ப்ரிம்களை நீட்டி, நசுக்கி, ஒட்டினால் நாற்காலி. அதன்மேல் மரத்தின் படத்தைப் போர்த்தினால் மர நாற்காலி. ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை எழுதி உள்ளே போட்டால் உட்கார்ந்தவுடன் பேசும் நாற்காலி. 256 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள ஒரு தீவுக்கு அந்த நாள்களில் 15,000 ப்ரிம் உச்சவரம்பு. இப்படிப்பட்ட பொட்டல் நிலத்தை ஓர் ஆசிரியர் கையில் கொடுத்தால், தனக்குத் தெரிந்த கட்டடத்தைத்தான் முதலில் கட்டுவார். நிர்வாகத்துக்கும் அதைத்தான் காட்ட முடியும். பணம் எங்கே போயிற்று என்று கேட்டால், இதோ தூண், இதோ படிக்கட்டு.

நகல் எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. வாஸர் கல்லூரியின் ஸ்டீவ் டெய்லர் 2007-இல் வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தை அப்படியே எழுப்பினார். அங்கே தரையில் நின்று கழுத்து நோக அண்ணாந்து பார்க்கும் மைக்கலாஞ்சலோவின் ஓவியங்களை இங்கே பறந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் கிளார்க் அமைத்த ஜீனோம் தீவில் மரபியல் முன்னோடி மெண்டலின் மடத்துத் தோட்டம் இருந்தது. பட்டாணிச் செடிகளைக் கலந்து, விளைச்சலை எண்ணிப் பார்க்கலாம். மெண்டல் ஒவ்வொரு தலைமுறைச் செடிக்கும் ஒரு பருவம் காத்திருந்தவர்.

இந்த உலகத்தை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்தவர்களில் ஒருவர் ஒரு மனநல மருத்துவர்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் யெல்லோலீஸ். மனச்சிதைவு நோயாளிக்கு இல்லாத குரல் கேட்கும், இல்லாத உருவம் தெரியும் என்று எல்லாப் பாடநூல்களிலும் எழுதியிருக்கிறது. படிக்கும் மாணவனுக்கு அது ஒரு பட்டியல், அவ்வளவுதான். யெல்லோலீஸும் சகாக்களும் நோயாளிகளிடம் பேசி, அவர்கள் பார்த்ததையும் கேட்டதையும் வாங்கி, செகண்ட் லைஃபில் ஒரு மருத்துவமனை வார்டாக அமைத்தார்கள்.

உள்ளே நுழைந்தால் சாதாரண வார்டுதான். செய்தித்தாளைப் பார்த்தால் ‘சாவு’ என்ற சொல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். தொலைக்காட்சியில் அரசியல் பேச்சு ஓடும். பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று உங்களைத் திட்ட ஆரம்பிப்பார். கண்ணாடியில் உங்கள் முகம் ஒட்டி உலர்ந்து கண்ணில் ரத்தம் கசியும். நடந்துகொண்டிருக்கும் தரை கழன்று விழும், கீழே மேகம். இத்தனைக்கும் நடுவே குரல்கள் வசைபாடும்.

2006-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரைப்படி, சுற்றிப் பார்த்தவர்களில் 579 பேர் கருத்துப் படிவம் நிரப்பினார்கள். குரல் கேட்பது எப்படியிருக்கும் என்பது முன்னைவிடப் புரிகிறது என்றவர்கள் 76 சதவீதம். தாமாக வந்து, தாமாகப் படிவம் நிரப்பியவர்கள் என்பதால் இந்த எண்ணை நான் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டேன். ஆனால் வேலைப்பாட்டைக் கவனியுங்கள். ஒரு கண்ணாடி, ஒரு டிவி, ஒரு தினசரி. ப்ரிம் கணக்கில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. வித்தையெல்லாம் எது எப்போது நடக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. அதற்கான சரக்கு நோயாளிகளிடமிருந்து வந்தது.

இதே வித்தையைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக, இன்னும் பெரிதாக, இன்னும் பொறுமையாகச் செய்தவர் கிறிஸ் டீட். அப்போது ஹார்வர்டில் கல்வியியல் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், ‘ஆக்டிவ் வேர்ல்ட்ஸ்’ என்ற மென்பொருளின்மேல் அவருடைய குழு உருவாக்கிய ஊருக்கு ‘ரிவர் சிட்டி’ என்று பெயர். காலம் 1878. தெருக்கள், மருத்துவமனை, பல்கலைக்கழகம், நெருக்கியடித்த ஏழைக் குடியிருப்புகள், மலையிலிருந்து இறங்கி ஊரைக் கடந்து குப்பைமேட்டுக்கும் சதுப்புக்கும் போகும் ஆறு. ஊரில் ஆளாளுக்கு நோய். இருபத்தோராம் நூற்றாண்டிலிருந்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிறு குழுக்களாகப் போய் இறங்குகிறார்கள். ஏன் நோய் வருகிறது என்று கண்டுபிடித்து மேயருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த துணுக்கை மட்டும் சொல்வார். மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டலாம். ஆற்றில் பல இடங்களில் தண்ணீர் எடுத்து நுண்ணோக்கியில் கிருமி எண்ணலாம். கொசு பிடித்து எண்ணலாம். ஒரு தடவை போனால் போதாது. குளிர்காலம், வசந்தம், கோடை என்று பருவம் மாற மாறத் திரும்பிப் போக வேண்டும். கொசு குளிரில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி.

வடிவமைத்தவர்களின் குறும்பு இங்கேதான் இருக்கிறது. ஊரில் இருப்பது ஒரு நோயல்ல. தண்ணீரால் வருவது, கொசுவால் வருவது, காற்றில் பரவுவது என்று மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இருமுகிறவரும் பேதியாகிறவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஆசிரியர் மனதில் வைத்திருக்கும் ஒற்றை விடையை ஊகித்துச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இங்கே கைகால் ஓடாது. எதைத் துரத்துவது என்று முதலில் அதுவே முடிவெடுக்க வேண்டும்.

அதற்கடுத்து வருவதுதான் எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த ஏற்பாடு. ஒரு குழு தன் ஊகத்தைச் சொன்னதும் ஊர் இரண்டாகிறது. ஒன்று பழையபடியே இருக்கும். மற்றதில் அந்தக் குழு சந்தேகப்பட்ட ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிவைப்பார்கள். இரண்டிலும் அதே தெருவில் அதே கணக்கை எடுத்து ஒப்பிட வேண்டும். நிஜத்தில் எந்த ஊரையும் எந்த மருத்துவராலும் இப்படி இரட்டிக்க முடியாது. கடைசியில் வகுப்பே கூடி உட்காரும்போது இன்னொரு ரகளை. கொசுதான் என்று நிரூபித்த குழுவுக்குப் பக்கத்தில், தண்ணீர்தான் என்று நிரூபித்த குழு நிற்கும். இரண்டு பேரும் சரி.

பிள்ளைகள் எங்கே போனார்கள், யாரிடம் பேசினார்கள் என்பதெல்லாம் பதிவானது. அதைக் குடைந்து பார்த்த டயேன் ஜாஸ் கெட்டல்ஹட் ஒன்றைக் கவனித்தார். அறிவியல் நமக்கு வராது என்று நினைக்கும் பிள்ளைகள் ஆரம்பத்தில் குறைவாகத்தான் தகவல் சேகரித்தார்கள்; போகப்போக அந்த இடைவெளி மறைந்துவிட்டது. பிரையன் நெல்சன் கண்டது அவ்வளவு இனிப்பானதல்ல. திரையிலேயே வழிகாட்டும் குறிப்புகளை வைத்துப் பார்த்தார். குறிப்புகளை அதிகம் திறந்து படித்தவர்கள் அதிகம் முன்னேறினார்கள். ஆனால் குறிப்புகளை வைத்துவிட்டதால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. சுற்றிலும் ஒரு ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் கிடக்கும் காகிதத்தை யார் திறப்பார்கள்?

டீட் பின்னர் டீனா குரோட்சர், ஷாரி மெட்காஃப் ஆகியோருடன் செய்த ‘ஈகோமூவ்’ அளவில் சிறியது. ஒரு குளம், ஒரு நாள் காலை செத்து மிதக்கும் மீன்கள். உடனே எல்லோரும் விஷம் கலந்தவனைத் தேடுவார்கள். அப்படி ஒருவனும் இல்லை. நாள்களில் பின்னோக்கிப் போய் அளந்துகொண்டே வந்தால், தள்ளி இருக்கும் புதுக் குடியிருப்பின் புல்வெளிக்குப் போட்ட உரம் மழையில் வழிந்து வந்ததும், பாசி பெருகியதும், அது மடிந்து அழுகும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்ததும் தெரியும். கொலைக்கும் பிணத்துக்கும் நடுவே பல வாரம்.

இப்படி ஒன்றைச் செய்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உழைப்புக் கணக்கு. 1980-களில் லூகாஸ்ஃபிலிம் உருவாக்கிய ‘ஹேபிடாட்’ என்ற ஆதி மெய்நிகர் ஊரில், சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் ஒரு புதையல் வேட்டை அமைத்தார்கள். தீவை எழுப்பவே வாரக்கணக்கில் ஆயிற்று. வீரர்கள் நாள்கணக்கில் அலைவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஒருவர் முக்கியத் துப்பை முதல் 15 நிமிடத்தில் பிடித்து, சுமார் 8 மணி நேரத்தில் முடித்துவிட்டார். மற்றவர்களில் பலர் அப்போது உள்ளேகூட வரவில்லை. ஒற்றை விடை வைத்துக் கட்டும் எவருக்கும் நேரக்கூடியது இது. ரிவர் சிட்டியில் முந்திக்கொண்டு ஓடிப் பயனில்லை. பக்கத்துக் குழுவிடம் கேட்டு எழுதவும் முடியாது, அது துரத்துவது வேறு நோயாக இருக்கலாம்.

கட்டியதைக் காப்பாற்றுவது தனிக் கதை. செகண்ட் லைஃபில் தனித் தீவுக்கு அப்போது மாதம் 295 டாலர் வாடகை. கல்வி நிறுவனங்களுக்குப் பாதி. அந்தச் சலுகையை 2011 ஜனவரியிலிருந்து எடுக்கப்போவதாக 2010 அக்டோபரில் லிண்டன் லேப் அறிவித்தது. பலர் ‘ஓப்பன்சிம்’ என்ற திறந்த மென்பொருளுக்குக் குடிபெயரப் பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: ஒவ்வொரு பொருளும் அதைச் செய்தவரின் பெயரில் பதிவாகியிருக்கிறது. கதவு ஒருவர் செய்தது, மரம் இன்னொருவரிடம் வாங்கியது, திரைக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் மூன்றாமவருடையது. படைத்தவனுக்கே உரிமை என்று 2003-இல் எல்லோரும் கைதட்டி வரவேற்ற அதே விதி, மூட்டை கட்டும்போது காலை வாரியது.

அந்த 2011-இல்தான் நியூயார்க்கில் ஜோயல் லெவின் என்ற பள்ளி ஆசிரியர் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை மைன்கிராஃப்ட் என்ற, கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டுக்குள் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். பின்லாந்துக்காரர்கள் இருவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘மைன்கிராஃப்ட்எடு’வை 2016-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதில் ஆசிரியருக்குக் கொடுத்த கருவிகளைப் பாருங்கள். வகுப்பு முழுவதையும் ஒரே சொடுக்கில் உறையவைக்கும் பொத்தான். ‘இதற்கு அப்பால் போகக் கூடாது’ என்று எல்லை போடும் கட்டை. மணிக்கூண்டு கட்டித்தரும் கருவி எதுவும் இல்லை. ஏழு வயதுக் குழந்தைகளோடு ஒரு மணி நேரம் இருந்தவருக்குத்தான் இது தோன்றும்.

டென்மார்க் அரசின் நில அளவை நிறுவனம் எதிர்த்திசையில் போனது. 2014 ஏப்ரலில் நாடு முழுவதையும் அசல் அளவிலேயே மைன்கிராஃப்டில் எழுப்பிப் பொதுவில் திறந்துவிட்டது. சுமார் 4 லட்சம் கோடிக் கட்டைகள், ஒரு டெராபைட் தரவு. பள்ளிகள் பாடத்துக்குப் பயன்படுத்தட்டும் என்பது எண்ணம். வீடு, சாலை, காடு எல்லாம் இருந்தன; மீன் செத்த குளம் எதுவும் இல்லை, காய்ச்சல் கண்ட தெரு எதுவும் இல்லை. வந்தவர்கள் தங்களுக்கான வேலையைத் தாங்களே தேடிக்கொண்டார்கள். டைனமைட்டுக்குத் தடை போட்டிருந்தார்கள். டைனமைட் ஏற்றிய சுரங்க வண்டியைத் தடைசெய்ய மறந்துவிட்டார்கள். சில வாரங்களில் ஒரு பகுதி வெடித்துச் சிதறியது. இடிபாட்டில் அமெரிக்கக் கொடி நட்டிருந்தது. அந்த டென்மார்க்கைப் பற்றி உலகப் பத்திரிகைகளில் அதிகம் அடிபட்ட செய்தி அதுதான்.

(தொடரும்)